தாழ் போடாத கதவு

அத்தியாயம் 11

வயது வந்த பெண் குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் குளிப்பாளா?

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யசோதாவைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இதுதான். அன்று துண்டு வைக்கலாமென்று கை வைத்தாள், கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே அக்‌ஷயா. "அம்மா, வெளியே போ" என்று ஒரு சத்தம். அதிலிருந்து தாயும் மகளும் 'சாப்பிட்டியா', 'ம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தலைமுடியை அவிழ்த்துக் கட்டுவதற்குக்கூட அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பெண் அவள். எலி வளையானாலும் தனி வளை என்று, வங்காளத்தில் டாக்குரியாவின் இந்த வாடகை வீட்டில் இருப்பதிலேயே சின்ன அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள். அப்படிப்பட்டவள் குளியலறையை மட்டும் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

புதன்கிழமை காலை, தட்டில் தோசையைப் போட்டபடி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏண்டி பாப்பா, லேக்குக்கு நீச்சலுக்குப் போறதையும் விட்டுட்டியே. ஏன்?"

"முடி கொட்டுதும்மா."

"தொப்பி போட்டுத்தானே நீந்துவ?"

"அம்மா, காலேஜுக்கு லேட் ஆகுது."

பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். யசோதா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உண்மையில் முடி கொட்டவில்லை. வாசகர்களுக்கு அது தெரியும். அந்த வீட்டில்தான் யாருக்கும் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், கல்லூரி நூலகத்தில் அக்‌ஷயாவுக்கு வலிப்பு வந்தது. கண் விழித்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள், தோழி சாய்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இன்னொரு தடவை வந்தபிறகு இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் பரிசோதனை எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தனியாக நீந்தாதே, குளியலறையைத் தாழிடாதே, தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள் என்றார் டாக்டரம்மா.

பெற்றவர்களிடம் ஏன் சொல்லவில்லை? அதற்கு மதுரையில் ஒரு கல்யாண மண்டபம் காரணம். அக்‌ஷயாவுக்கு மாதவிலக்கு சரியாக வராமல் டாக்டரைப் பார்த்த விஷயத்தை யசோதா தன் நாத்தனார் நாகலக்ஷ்மியிடம் மட்டும்தான் சொன்னாள். 'மட்டும்' என்பதற்கு நாகலக்ஷ்மி அகராதியில் வேறு பொருள். இரண்டு பந்திக்கு நடுவில் நின்று, "என்னடி, மாசாமாசம் ஒழுங்கா வருதா இப்ப?" என்று அவள் கேட்டதில், பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் அகப்பையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். அன்று இரவே அக்‌ஷயா குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினாள். இனிமேல் என் உடம்பு என்னோடு என்று முடிவும் கட்டிக்கொண்டாள்.

இப்போது வந்திருப்பது வலிப்பு. சொந்தத்தில் அதற்குக் காக்கா வலிப்பு என்று பெயர். அது வெளியே போனால் பந்தியோடு நிற்காது.

இந்த எண்ணத்தோடுதான் அவள் படியிறங்கினாள். மாலையில் டாக்டரைப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் அவள் கைப்பேசிக்கு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள், இன்னும் வரவில்லை. கவுண்டரில் தன் எண்ணைத் தெளிவாகச் சொல்லி, எழுதியும் கொடுத்திருந்தாள். அங்கே இருந்தவர் தலையையும் ஆட்டினார்.

தலையை ஆட்டினாரே தவிர, எண்ணை மாற்றவில்லை.

---

அவள் கிளம்பிய சற்று நேரத்தில் அவள் அப்பா மீனாட்சிசுந்தரத்தின் கைப்பேசி சிணுங்கியது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்டென்ட். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வருடம். அண்ணனைத் 'தாதா' என்னும் வங்காளிகளுக்கு ஆபீசில் 'சுந்தரம்-தா', வீட்டில் 'என்னங்க'. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் படித்தார்.

'அன்புள்ள மீனாட்சிசுந்தரம், உங்கள் ரிப்போர்ட் தயார். கீழே உள்ள லிங்க்கில் பார்க்கலாம். கடவுச்சொல்: பதிவு செய்த கைப்பேசியின் கடைசி நான்கு எண்கள். இன்று மாலை நான்கு மணிக்கு மூன்றாம் மாடியில் டாக்டரைச் சந்திக்கவும்.'

"யசோதா, என் ஹார்ட் ரிப்போர்ட் வந்துருச்சு."

போன வாரம் அதே ஆஸ்பத்திரியில் அவரை ஓடவிட்டு இதயத்தைச் சோதித்திருந்தார்கள். ஆகவே அவருக்குச் சந்தேகமே எழவில்லை.

"என்னங்க போட்டிருக்கு?"

"லிங்க்கைத் தொட்டாத்தான் தெரியும். நான் தொடமாட்டேன்."

லிங்க் என்றால் அவருக்குப் பாம்பு. இணைய மோசடி பற்றி ஆபீசில் எல்லோருக்கும் வகுப்பெடுத்தவரே அவர்தான். ஆனால் வழி இல்லாமலா போகும்? நாகலக்ஷ்மியின் மகன் நவநீத் மருத்துவம் படிக்கிறான். குடும்பக் குழுவான 'மீனாட்சி துணை'யில் அந்தச் செய்தியை அப்படியே போட்டார். கூடவே குரலில் பேசியும் அனுப்பினார். "நவநீத், மாமாவோட ரிப்போர்ட் வந்துருக்குப்பா. திறந்து பாத்துட்டு என்னான்னு சொல்லு. எல்லாரும் கும்பிட்டுக்கங்க."

தன் போனில் திறக்கப் பயந்ததை மருமகன் போனில் திறக்கச் சொல்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு வரவில்லை. குடும்பத்தில் யாருக்கு இரத்தம் எடுத்தாலும் குழுவில் போடுவதுதான் வழக்கம். அவரது கைப்பேசியின் கடைசி நான்கு எண்கள் குழுவில் யாருக்குத்தான் தெரியாது? பட்டனை அழுத்திவிட்டு, நிம்மதியாக ஆபீஸ் பையை எடுத்துக்கொண்டார்.

---

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறந்தது. எதிரே பலகையில் 'நரம்பியல்' என்று ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் எழுதியிருந்தது.

மீனாட்சிசுந்தரம் பலகையை இரண்டு தடவை படித்தார். இதயத்தைச் சோதித்துவிட்டு நரம்புக்கு அனுப்புகிறார்கள் என்றால் ஏதோ பெரிதாக இருக்கிறது. பெண்ணுக்குப் படிப்பு முடியவில்லை, தனக்கு இன்னும் ஐந்து வருட சர்வீஸ் பாக்கி. கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மனதுக்குள் சொக்கநாதரைக் கூப்பிட்டார்.

அவருக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி, தூண் மறைவில் அக்‌ஷயா உட்கார்ந்திருந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை.

கவுண்டரிலிருந்து ஒரு பெண் உரக்கக் கூப்பிட்டாள்.

"மீனாட்சிசுந்தரம்."

இரண்டு பேர் எழுந்தார்கள்.

இந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் வேண்டும். போஸ், தாஸ், முகர்ஜி என்று ஏதாவது. இனிஷியலோடு பிறந்த நம் ஆட்கள் கவுண்டரில் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் திருதிருவென விழிப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் குடும்பத்தோடு பதிவு செய்தபோது, மனைவிக்கும் மகளுக்கும் அந்தக் கட்டத்தில் தன் பெயரையே போட்டார் மீனாட்சிசுந்தரம். எல்லோருக்கும் தன் கைப்பேசி எண்ணையே கொடுத்தார். அப்போது அக்‌ஷயாவுக்குப் பதினேழு வயது. அன்று அவர் செய்தது தப்பில்லை. அதை மாற்றவேண்டும் என்று அதன்பிறகு யாருக்கும் தோன்றாததுதான் தப்பு.

"பாப்பா?"

அவள் திரும்பினாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"நீங்க எப்படிப்பா இங்க வந்தீங்க?"

"எனக்கு மெசேஜ் வந்துச்சு. என் ரிப்போர்ட்டுன்னு. நீ எதுக்குடி இங்க?"

கவுண்டர்ப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கணினியைப் பார்த்தாள். "அக்‌ஷயா மீனாட்சிசுந்தரம். நீங்க அப்பாவா? நல்லதாப் போச்சு தாதா, ரெண்டு பேருமே உள்ள போங்க" என்றாள் இந்தியில். அவளுக்கு ஒரு வேலை மிச்சம்.

"வேண்டாம்" என்றாள் அக்‌ஷயா.

"என்ன வேண்டாம்? என்னாச்சு உனக்கு? சொல்லு." அவர் குரல் உயர்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "ரெண்டு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிற. அம்மா ராத்திரி தூங்குறதில்ல. இங்கிட்டு வந்து ரகசியமா டாக்டரைப் பாக்குறியா?"

"அப்பா, மெதுவா பேசுங்க. ப்ளீஸ்."

சத்தம் கேட்டு டாக்டரம்மாவே கதவுக்கு வந்துவிட்டார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த வங்காளப் பெண்மணி. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்.

"சார், இவங்களுக்கு இருபது வயசு. நீங்க உள்ளே வரலாமா வேண்டாமான்னு இவங்கதான் சொல்லணும்."

"நான் இவளப் பெத்தவன் மேடம்."

"புரியுது. எனக்கும் பெண் இருக்கா. இருந்தாலும் இவங்க சொல்லாம நான் ஒரு வார்த்தை சொல்லமுடியாது."

அவர் மகளைப் பார்த்தார். எல்.கே.ஜி. சேர்த்த அன்று, வாசலில் அவர் சட்டையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்ற பெண். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"அப்பா, நீங்க வெளியில இருங்க."

கதவு மூடிக்கொண்டது.

---

மீனாட்சிசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு அவமானம். கடைசியில் பயம் வந்தது, வந்ததும் மற்ற இரண்டும் போன இடம் தெரியவில்லை.

கைப்பேசி சட்டைப்பையில் கனத்தது. உள்ளே நடப்பது என்ன என்பது அந்த லிங்க்கில் இருக்கிறது. ஒரு தட்டு, நான்கு எண்கள், அவ்வளவுதான்.

கவுண்டர்ப் பெண்ணும் உதவ நினைத்தாள். "தாதா, ரிப்போர்ட் உங்க மொபைல்லதான் இருக்கு. அதுல பாத்துக்கங்களேன்."

அவர் கைப்பேசியை எடுத்தார். செய்தியைத் திறந்தார். விரல் லிங்க்குக்கு மேல் நின்றது. பாம்பு பயம் இப்போது இல்லை. 'நீங்க வெளியில இருங்க' என்று அவள் சொன்ன குரல்தான் காதில் இருந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே குரல். கோபமில்லை அதில், கெஞ்சல்தான்.

கைப்பேசி அதிர்ந்தது. யசோதா.

"என்னங்க, டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இன்னும் பாக்கலை."

"உங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல யசோதா. வந்து சொல்றேன்."

வைத்துவிட்டார். லிங்க்கைத் தொடாமலே கைப்பேசியைப் பையில் போட்டு, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய மனிதர் தன் வாழ்நாளில் செய்த கஷ்டமான காரியங்களில் இதுவும் ஒன்று என்று தாராளமாகச் சொல்லலாம்.

அக்‌ஷயா வெளியே வந்தபோது அவர் அதே நிலையில் உட்கார்ந்திருந்தார்.

"திறந்து பாத்தீங்களாப்பா?"

"இல்ல."

அவள் கவுண்டர்ப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கி, இல்லை என்று தலையசைத்தாள்.

---

ஆட்டோ வேண்டாம், நடக்கலாம் என்றாள். கரியாஹாட் கடைவீதி முழுவதும் பூஜைப் பண்டிகைக்குத் துணி வாங்கும் கூட்டம். பந்தலுக்கு நட்ட மூங்கில்களுக்கு நடுவில் புகுந்து, கோல்பார்க் தாண்டி, டாக்குரியா பாலத்தில் ஏறினார்கள். பாலத்தின் நடுவில் அவள் நின்றாள். கீழே லோக்கல் ரயில் ஒன்று போனது. அது போய்முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"எனக்கு ஃபிட்ஸ் வருதுப்பா. வலிப்பு. ரெண்டு தடவை வந்துருச்சு."

அவர் பாலத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரை சாப்பிட்டா கன்ட்ரோல்ல இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. இன்னைக்கு டோஸ் கூட்டியிருக்காங்க. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், எல்லாம் பண்ணலாம். சில விஷயம் மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும். நீச்சலை அதான் விட்டேன். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் போடறதில்லையே, அதுவும் அதுக்குத்தான். உள்ள விழுந்துட்டா யாராவது வந்து தூக்கணும் இல்ல?"

"எங்ககிட்டச் சொல்லக்கூடாதா பாப்பா?"

"சொன்னா அம்மா அத்தைகிட்டச் சொல்லுவா. அத்தை ஊருக்கே சொல்லும். அப்புறம் நான் யாரு? காக்கா வலிப்புக்காரி. என் பேரே அதுதான்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதிலும் தன் அக்கா வாய்க்கு அண்டாமூடி கொண்டுவந்தாலும் போதாது என்பது அவருக்கே தெரியும்.

"வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. வந்தா என்ன செய்யணும்னு ஒருத்தர் கத்துக்கணுமாம்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போன் கையில இருந்தும் நீங்க திறக்கலை. அதனால உங்ககிட்டச் சொல்றேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், எனக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க. இது மதுரைக்குப் போகக்கூடாது. சத்தியம் பண்ணுங்கப்பா."

"மீனாட்சி மேல ஆணையா போகாது."

அவள் அவர் தோளில் ஒரு நொடி தலையைச் சாய்த்தாள். ரோட்டில் அவள் அப்படிச் செய்து எத்தனையோ வருடம் ஆயிற்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கர்சீப்புக்காகச் சட்டைப்பையில் கையை விட்டார். கைப்பேசி தட்டுப்பட்டது.

மதுரைக்கு.

காலையில் தான் செய்த காரியம் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. நீ முன்னால நட. ஆபீஸ்லருந்து ஏதோ போன்."

இரண்டடி பின்தங்கி 'மீனாட்சி துணை'யைத் திறந்தார். அவருடைய செய்தி. அதற்குக் கீழே நவநீத்தின் பதில்: 'பார்க்கிறேன் மாமா.' அதற்கும் கீழே ஒன்றுமில்லை. காலை வணக்கம், பிள்ளையார் படம், மிளகாய்ப்பொடி செய்முறை என்று ஓயாமல் ஓடும் குழு. காலையிலிருந்து ஓர் எழுத்து இல்லை. அந்த அமைதியின் பொருள் அவருக்குப் புரிந்தது. எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர் இல்லாத வேறொரு குழுவில். செய்தியை அழித்தார். அதற்குள் இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்றது மனது. அவள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். பல நாளாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைத்தவளின் நடை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நல்லவர்கள் பலபேர் இப்படி நினைத்துத்தான் கெட்டுப்போகிறார்கள்.

---

அழைப்பு மணியை அழுத்துமுன் கதவு திறந்தது.

யசோதாவின் கண் சிவந்து வீங்கியிருந்தது. அவள் கையில் பீரோவின் சாவிக்கொத்து. பெரிய இரும்புச் சாவி ஒன்றைத் தனியாக விலக்கிப் பிடித்திருந்தாள்.

"கண்ணு" என்றாள். மகளின் உள்ளங்கையை இழுத்து, அந்தச் சாவியை வைத்து, விரல்களை மூடினாள். "இதக் கையில வச்சுக்கத்தா. காலேஜுக்குப் போறப்பவும் பையில ஒண்ணு போட்டுக்க. இரும்பு கையில இருந்தா வராதாம்."

அக்‌ஷயா சாவியைப் பார்த்தாள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்பதும் தெரியும்.

"அத்தை போன் பண்ணிச்சா?"

"அப்பாகூடப் பேசி வச்சதும் மதினி பண்ணாங்க. நான் நம்பலை. அப்புறம் சின்ன மதினி பண்ணாங்க, அப்புறம் உங்க சித்தப்பா. என்கிட்ட ஏண்டி சொல்லலை? ஊர்ல இருக்குறவுகளுக்கெல்லாம் தெரிஞ்சுருக்கு, பெத்தவளுக்குத் தெரியலை."

அக்‌ஷயா மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் டாக்டர்கிட்ட உள்ள இருந்தப்ப சொன்னீங்களாப்பா? இல்ல, இப்ப பாலத்துல 'ஆபீஸ் போன்'னு சொன்னீங்களே, அப்பவா?"

"இல்ல பாப்பா. காலையிலேயே. எனக்கு வந்ததுன்னு நெனச்சு நவநீத்துக்குப் போட்டேன். குரூப்ல. சத்தியமா உன்னோடதுன்னு தெரியாது."

"பாலத்துல நான் சொல்லும்போது தெரிஞ்சுதா?"

அவர் செருப்பைக் கழற்றுவதற்குக் குனிந்தார்.

"தெரிஞ்சப்புறமும் என்கூட நடந்து வந்தீங்க" என்றாள். குரல் உயரவேயில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

சாவியை மேஜைமேல் வைத்தாள். பையைக் கட்டிலில் போட்டாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

யசோதா கணவனைப் பார்த்தாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குடைந்த கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"பாப்பா, தாழை எடுத்துருடி. அம்மா உள்ள வரமாட்டேன். சும்மா சாத்திக்க, போதும்."

குழாய் திறக்கும் சத்தம் வந்தது. வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது.

மீனாட்சிசுந்தரம் கதவோரம் தரையில் உட்கார்ந்தார். கதவில் காதை வைத்தார்.

"பாப்பா, கதவைத் திறக்க வேணாம். பேச வேணாம். அங்க இருக்கேன்னு ஒரு தட்டு மட்டும் தட்டிரு. அப்பாவுக்கு அது போதும்."

வாளி நிறைந்து தண்ணீர் வழிந்தது. கதவுக்கடியில் ஈரம் மெல்ல வெளியே வந்து அவர் பேன்ட்டைத் தொட்டது. குழாயை யாரும் மூடவில்லை.